தாத்தா விட்டுப்போன ரிவால்வர்: விலை கேட்பதற்கு முன்னால்

வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமாகி, அவர் பூட்டியே வைத்திருந்த பெட்டியைத் திறக்கிறார்கள். அடியில் துணி சுற்றிய ரிவால்வர் ஒன்று இருக்கிறது. அதிர்ச்சி அடங்கியதும் அந்த வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: இது என்ன விலை போகும்? பழைய கைத்துப்பாக்கிகளைப் பல வருஷமாகப் பார்த்தும் படித்தும் வருகிறவன் என்பதால், தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. "யாராவது அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினீர்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். இல்லை என்று பதில் வந்தால் மனசு நிறைந்துபோகும்.

பழைய ரிவால்வரின் மதிப்பில் பெரும்பங்கு, அதன்மேல் யாரும் செய்யாமல் விட்ட வேலைகளில் இருக்கிறது. எந்த ஊரில் பிறந்தது, எந்தக் காலத்தது, எந்தப் படையில் சேவை செய்தது, யார் கையில் ரிப்பேர் ஆனது என்பதெல்லாம் அந்த இரும்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்து மங்காமல் இருக்கும்வரை அதைப் படித்துவிடலாம். உப்புத்தாளும் பாலிஷ் சக்கரமும் பட்டபின் அந்த எழுத்து போனது போனதுதான். நல்லெண்ணத்தோடு, பாசத்தோடு, "தாத்தாவுடையது, சுத்தமாக இருக்கட்டும்" என்று தேய்த்தவர்கள் அழித்துவிட்ட சரித்திரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படிப்பதற்கு முன் இரண்டு விஷயம்.

ஒன்று, அதில் தோட்டா இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருஷம் பெட்டியில் கிடந்தது என்பதற்காக வெடிமருந்து செத்துப்போவதில்லை. உலோகத் தோட்டா வருவதற்கு முந்தைய ரிவால்வர்களில் மருந்தையும் குண்டையும், சுழலும் துளையிட்ட உருளையான சிலிண்டரின் முன்பக்கத்திலிருந்து அடைத்து வைப்பார்கள். பின்பக்கம் பார்த்தால் காலியாகத் தெரியும். உள்ளே நூறு வருஷத்துக்கு முந்தைய மருந்து அப்படியே உட்கார்ந்திருக்கும். குழல் யாரையும் பார்க்காத திசையில் இருக்கட்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். எப்படித் திறப்பது என்று தெரியாவிட்டால் நோண்டாதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் ஒரு நிமிஷத்தில் திறந்து காட்டிவிடுவார். துருப்பிடித்த சிலிண்டரை ஸ்க்ரூட்ரைவர் வைத்து நெம்புவதைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

இரண்டு, சட்டம். நகை, நிலம்போல ரிவால்வர் வாரிசுக்குத் தானாக வந்து சேர்வதில்லை. பெரும்பாலான நாடுகளில் உரிமம் ஆளுக்குத்தானே தவிர வீட்டுக்கு இல்லை. அவர் இறந்ததும் அந்த உரிமமும் முடிந்துவிடும். ஆகவே விலை விசாரிப்பதற்கு முன்பே உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீலிடமோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ கேட்டு, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுங்கள். பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடை கடையாக அலைய வேண்டாம். அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது எப்படிக் கொண்டுவருவது என்று முன்கூட்டியே கேளுங்கள். வரிசை எண் அராவி அழிக்கப்பட்டிருந்தால் அது தனிப் பிரச்சினை. பல நாடுகளில் அப்படிப்பட்ட துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

இனி ரிவால்வருக்கு வருவோம். பெயரைத் தேடுவதற்கு முன் அது எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். பாதி அடையாளம் அங்கேயே கிடைத்துவிடும்.

சிலிண்டரின் பின்பக்கத்தில் துளைக்குத் துளை சின்னக் குமிழ் நீட்டிக்கொண்டிருந்தால் அது கேப் வைத்துச் சுடும் பழைய வகை; கேப் என்பது அடித்தால் பொறி தரும் சின்ன உலோகத் தொப்பி. சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது இந்த வகை ரிவால்வருக்குத்தான். பின்விளிம்பில் துளைக்கு ஒன்றாகச் சிறு வெட்டுகள் இருந்தால் அது பின்ஃபயர். தோட்டாவின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி உட்கார இடம் விட்ட வெட்டு அது. பிரான்ஸின் லெஃபோஷேவும் அதைப் பார்த்து பெல்ஜியத்தில் செய்தவர்களும் இந்த வகையை ஏராளமாகச் செய்து தள்ளினார்கள். பின்னாலிருந்து உலோகத் தோட்டாவைப் போடும்படி சிலிண்டர் முழுக்கத் துளைபட்டிருந்தால் இன்னொரு குறிப்பு கிடைக்கிறது. ரோலின் வைட் 1855-இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை எடுத்தார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதைத் தன் கையில் வைத்துக்கொண்டு 1869 வரை மற்ற அமெரிக்கக் கம்பெனிகளைச் செய்யவிடவில்லை. அந்தக் கதவு திறந்தபின்தான் 1870-களில் மலிவான பாக்கெட் ரிவால்வர்கள் வெள்ளமாக வந்தன. இன்று பல வீடுகளில் கிடைப்பவை அந்த வெள்ளத்தில் வந்தவையே.

நடுவில் மடங்கித் திறப்பது அடுத்த குடும்பம். இதில் பூட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தோட்டாவை அடிக்கும் சுத்தியலுக்கு முன்னால், மேல்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் இருந்து அதை மேலே தூக்கினால் திறப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பாணி. ஐவர் ஜான்சன், ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்ஸன் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் இதே பாணியில் செய்து குவித்தன. கைப்பிடியில் ஆந்தைத் தலை இருந்தால் அது ஐவர் ஜான்சன், சந்தேகமே வேண்டாம். இடது பக்கம் கட்டைவிரலால் அழுத்தும் நெம்புகோலும், சட்டகத்தின், அதாவது ரிவால்வரின் உடலின், மேல் லாடம்போல் கவிந்த தடித்த பூட்டும் இருந்தால் பெரும்பாலும் பிரிட்டிஷ் கம்பெனியான வெப்ளி. 1887-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட முதல் மாடலிலிருந்து 1915-இல் வந்த ஆறாவது மாடல் வரை இந்தப் பூட்டு மாறவில்லை. ஆறாவது மாடலின் ஆறங்குலக் குழலும் சதுரமான கைப்பிடியும் ஒருமுறை கையில் எடுத்தவருக்கு மறக்காது. 1932-இல் அதே ராணுவம் ஏற்ற என்ஃபீல்ட் நம்பர் 2 பார்வைக்கு வெப்ளியின் தம்பிபோல இருக்கும். சுத்தியலின் பின்னால் கட்டைவிரல் வைக்கும் கொம்பே இல்லாமல் மழுங்கலாக ஒரு என்ஃபீல்ட் கிடைத்தால் உடைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். டாங்கிப் படையினரின் குறுகிய இடத்தில் கொம்பு எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்று அப்படியே செய்த மாடல் அது.

சிலிண்டர் பக்கவாட்டில் விலகித் திறப்பது மூன்றாவது. அதன் தாழ்ப்பாளைப் பின்னால் இழுத்தால் திறக்கிறதா, முன்னால் தள்ளினால் திறக்கிறதா? இழுத்தால் கோல்ட், தள்ளினால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். சிலிண்டர் சுற்றும் திசையும் இரண்டுக்கும் நேரெதிர். பின்னாலிருந்து பார்த்தால் கோல்ட் கடிகாரத் திசையில் சுற்றும், மற்றது எதிர்த்திசையில். பிரான்ஸின் 1892 மாடலில் சிலிண்டர் வலது பக்கம் விலகும், அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். இந்தக் குடும்பத்தில் சேராத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சிலிண்டர் விலகாது, ஆறுக்குப் பதில் ஏழு துளை, விசையை இழுக்கும்போது சிலிண்டரே முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்கிறது என்றால் அது 1895 நாகான். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து வடிவமைப்பு, ரஷ்யாவின் தூலா ஆலையில் பெருவாரியாகச் செய்யப்பட்டது.

வடிவம் குடும்பத்தைச் சொல்லிவிடும். ஆளைச் சொல்வது முத்திரை. நல்ல பகல் வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி, கொஞ்சம் பொறுமை, இவ்வளவு போதும். வெளிச்சத்தைச் சாய்வாக விழவைத்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் எழுந்து வரும். ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது பூதக்கண்ணாடியைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

இங்கே மூன்று இடங்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, பொறித்திருக்கும் தேதி. கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரின் இடது பக்கச் சட்டகத்தில் 1871, 1872, 1875 என்று மூன்று ஆண்டுகள் பொறித்திருக்கும். அவை காப்புரிமை கிடைத்த ஆண்டுகள். அதே மாடலை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே 1875 என்று இருப்பதால் அந்த ரிவால்வர் 1875-இல் பிறந்தது என்று ஆகாது. அதற்கு முன்னால் பிறக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

இரண்டாவது, எண். சிலிண்டரைத் திறந்ததும் அதைத் தாங்கும் கையின் உட்புறத்தில் சில எண்கள் தெரியும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அது தொழிற்சாலைக்குள் பாகங்களைச் சேர்த்து வைப்பதற்காகப் போட்ட எண்ணாக இருக்கும். உண்மையான வரிசை எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில். 1957-க்குப் பின் மாடல் எண்ணையும் சிலிண்டரைத் திறந்தால் தெரியும் அந்த உட்புறத்திலேயே போட ஆரம்பித்தார்கள் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. கோல்ட் கம்பெனியின் பாக்கெட், போலீஸ் மாடல்கள் பலவற்றில் நேர்மாறு, அந்த உட்புறத்தில் இருப்பதுதான் வரிசை எண். எந்தக் கம்பெனி என்று தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வருஷம் தேடினால் கிடைக்கும் வருஷம் தப்பாகவே இருக்கும்.

மூன்றாவது, குழலில் எழுதியிருக்கும் பெயரைத் தயாரிப்பாளர் பெயராக எடுத்துக்கொள்வது. இதில்தான் எனக்கு மறக்க முடியாத ஒரு அனுபவம்.

நண்பன் ஒருவனின் அம்மா, தன் மாமனார் வைத்திருந்த ரிவால்வரைப் பார்க்கக் கூப்பிட்டார். சட்டப்படி பதிவெல்லாம் முடிந்திருந்தது. கையகலச் சின்ன ரிவால்வர். குட்டையான குழல், பறவை அலகுபோல வளைந்து முடியும் கைப்பிடி, அடியில் ஒரு வளையம். மேல்பட்டையில் 'பிரிட்டிஷ் புல்டாக்' என்று தெளிவான எழுத்து. "இங்கிலாந்துச் சரக்கு தம்பி, வெப்ளி கம்பெனி என்று மாமா சொல்லியிருக்கிறார்" என்றார். ஐந்து துளையும் காலி என்று இருவரும் பார்த்து உறுதி செய்தபின், சிலிண்டரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் அதன் பின்முகத்தைச் சாய்வெளிச்சத்தில் பிடித்தேன். கரியும் காய்ந்த எண்ணெயும் படிந்த அந்த இடத்தில் அரிசியளவு ஒரு முட்டை வடிவம். அதற்குள் மூன்று எழுத்து: ஈ, எல், ஜி. கீழே ஒரு நட்சத்திரம். முட்டையின் உச்சியில் ஒரு கிரீடம்.

அது லியேஜ் நகரத்துச் சோதனைச்சாலையின் முத்திரை. 1672-இலிருந்து துப்பாக்கிகளை அதிக மருந்து போட்டுச் சுட்டுச் சோதிக்கும் ஊர் அது. கிரீடம் 1893-இல் சேர்க்கப்பட்டது. ஆகவே இந்த ரிவால்வர் பெல்ஜியத்தில் பிறந்தது, 1893-க்குப் பிந்தையது. வெப்ளி 1872-இல் பிரிட்டிஷ் புல்டாக் என்ற பெயரில் ஒரு குட்டை ரிவால்வரைக் கொண்டுவந்தார்கள். அது சக்கைப்போடு போட்டது. பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் பலர் அதே உருவத்தில் செய்து அதே பெயரையும் பொறித்தார்கள். அசல் பிரிட்டிஷ் துப்பாக்கியாக இருந்தால் இந்த முட்டைக்குப் பதில் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரை இருந்திருக்க வேண்டும். பர்மிங்காம் சோதனைச்சாலை 1813-இல் ஏற்பட்டது. 1904 வரை அங்கே கிரீடத்தின் கீழே குறுக்காக வைத்த இரண்டு செங்கோல், அதன்பின் கிரீடமும் அதன் கீழே பி.பி., பி.வி. போன்ற எழுத்துகளும்.

"அப்படியானால் இது போலியா?" என்று அம்மா கேட்டார். முகம் வாடிவிட்டது. "போலி இல்லை அம்மா. லியேஜில் செய்த அசல் லியேஜ் ரிவால்வர். பெயர் மட்டும் இரவல்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்த முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமனார் எந்தெந்த ஊரில் வேலை பார்த்தார், எந்த வருஷம் வாங்கியிருப்பார் என்று சொல்ல ஆரம்பித்தார். வெப்ளி என்று நம்பிக்கொண்டிருந்தவரை கேட்கத் தோன்றாத கேள்விகள் அவை. சந்தை விலை அடக்கமானதுதான் என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை. இந்த வகை ஏராளமாகச் செய்யப்பட்டது, தேடி வாங்குபவர்கள் குறைவு.

ஸ்பெயினின் எய்பார் நகரத்திலும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் போலவே தோற்றம், பக்கவாட்டில் பின்னிப் பிணைந்த எழுத்துச் சின்னம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எஸ்ஸும் டபிள்யூவும் இருக்காது. ட்ரோகாவ்லா அரன்சபால் கம்பெனியின் டி, ஏ, சி இருக்கும். ஆனால் இதே கம்பெனியும் இன்னொரு எய்பார் கம்பெனியான கராத்தே அனித்துவாவும் முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ரிவால்வர் செய்துகொடுத்தார்கள். ராணுவம் ஏற்றுக்கொண்ட முத்திரையோடு அப்படி ஒன்று கிடைத்தால், ஸ்பானிஷ் நகல் என்று தூக்கிப் போடுபவர் ஏமாந்துபோவார். முத்திரையை முழுதாகப் படிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

அடையாளம் தெரிந்தபின் மதிப்பு. இதில் முதலிடம் மேற்பூச்சுக்கு. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த கருநீலப் பூச்சோ, நிக்கல் முலாமோ, சட்டகத்தில் எண்ணெய்த் துளி நீரில் படர்ந்ததுபோலத் தெரியும் வண்ணக் கலவையோ இன்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சேகரிப்பாளர்கள் சதவீதத்தில் பேசுவார்கள். ஒரே மாடல், ஒரே வருஷம், ஒன்றில் 90 சதவீதம் அசல் பூச்சு, இன்னொன்றில் 20. இரண்டுக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு போகும். பூச்சே இல்லாமல் வயதான பழுப்பேறி, ஆனால் கைவைக்கப்படாமல் இருக்கும் ரிவால்வருக்கும் மரியாதை உண்டு. மறுபூச்சுப் போட்டுப் புதிதுபோல மின்னுவதற்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. பழைய நாணயம் சேர்ப்பவர்களைக் கேளுங்கள், இதையேதான் சொல்வார்கள்.

மறுபூச்சை எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். அசலில் ஓரம் கூர்மையாக நிற்கும், பாலிஷ் பட்டதில் வழிந்து மங்கியிருக்கும். திருகு இறங்கும் துளையின் வாய் அசலில் தட்டையாக இருக்கும், பாலிஷ் சக்கரம் பட்டதில் சின்னக் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். சட்டகத்தின் விளிம்புகளில் விரலை ஓட்டினால் கூர்மை தெரிய வேண்டும். நிக்கல் ரிவால்வர் என்றால் சுத்தியலையும் விசையையும் பாருங்கள். கோல்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் நிக்கல் போடும்போது அவ்விரண்டையும் பெரும்பாலும் முலாம் பூசாமல் விட்டார்கள். அவையும் நிக்கலில் மின்னினால் யாரோ பிற்பாடு பூசியது என்றே சந்தேகப்பட வேண்டும். இன்னும் மோசமான நிலை, துருக்குழியின் மேலேயே முலாம் ஏறியிருப்பது. அதைப் பார்த்தபின் கேள்விக்கே இடமில்லை.

அடுத்து எண்கள் பொருந்துகின்றனவா என்பது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய ரிவால்வர்களில் கைப்பிடி அடியிலுள்ள எண் சிலிண்டரின் பின்முகத்திலும் குழலின் அடியிலும் இருக்கும், மரக் கைப்பிடியின் வலது தகட்டு உட்புறத்திலும் பல நேரம் இருக்கும். நான்கும் ஒன்றாக இருந்தால் அது பிறந்ததிலிருந்து பிரியாத குடும்பம். சேகரிப்பாளர் அதற்குக் கூடுதல் பணம் தருவார். கைப்பிடியைக் கழற்றும்போது மட்டும் பதறாமல் இருங்கள். திருகைக் கொஞ்சம் தளர்த்தி, அதன் தலையை மெதுவாகத் தட்டினால் எதிர்ப்பக்கத் தகடு தானாக எழும். விளிம்பில் கத்தி வைத்து நெம்பினால் கடின ரப்பர் கைப்பிடி சில்லுச் சில்லாகிவிடும். திருகின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூட்ரைவர் போட்டால் திருகுத் தலை சிதைந்து, 'எவனோ கைவைத்திருக்கிறான்' என்று வாங்குபவர் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார். தந்தக் கைப்பிடி என்றால் இன்னொரு சிக்கல். தந்த விற்பனைக்குப் பல நாடுகளில் கடும் கட்டுப்பாடு இருக்கிறது, ரிவால்வரை விற்க அனுமதி இருந்தாலும் அந்தக் கைப்பிடியோடு விற்க முடியாமல் போகலாம்.

மதிப்பைக் குறைக்கும் இரண்டு திருத்தங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அவற்றில் ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. .455 காலிபர் (குழல் துளையின் அளவு) வெப்ளிகள் பலவற்றின் சிலிண்டர் பின்பக்கத்தை இழைத்து, எளிதில் கிடைக்கும் .45 ஆட்டோ தோட்டா போகும்படி மாற்றினார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்ளி தாங்குவதற்காகச் செய்யப்பட்ட அளவைவிட அதிகம். அதேபோல இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்குப் போன ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி மாடல், வரிசை எண்ணுக்கு முன்னால் வி என்ற எழுத்தோடு வருவது, .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்குச் செய்யப்பட்டது. போருக்குப்பின் உபரியாக விற்றபோது பலவற்றின் துளையை நீளமாகக் குடைந்து .38 ஸ்பெஷல் போகும்படி செய்துவிட்டார்கள். .38 ஸ்பெஷல் தோட்டா கொஞ்சம் ஒல்லி. அகலமான துளையில் சுடும்போது அதன் பித்தளை உறை வீங்கும், சில நேரம் பிளக்கும். பழைய ரிவால்வரில் தோட்டா உள்ளே போகிறது என்பது அது அந்தத் தோட்டாவுக்கானது என்பதற்குச் சாட்சியே ஆகாது. கரிமருந்துக் காலத்து இரும்பில் புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போடுவது அதைவிட ஆபத்து. சுட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள் என்றே எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கதைக்கு மதிப்பு உண்டா? உண்டு, தாளோடு வந்தால். "பெரிய தளபதி பரிசாகக் கொடுத்தது" என்ற வாய்ச்சொல்லுக்குச் சந்தையில் ஒரு காசும் பெறாது. அந்த ஆளின் பெயரும் ரிவால்வரின் வரிசை எண்ணும் ஒரே தாளில் இருக்க வேண்டும். பழைய உரிமப் புத்தகம், வாங்கிய ரசீது, ராணுவ ஒப்படைப்புச் சீட்டு, எண் தெரியும்படி எழுதிய கடிதம், எதுவானாலும் சரி. ஆகவே பெட்டியைக் காலி செய்யும்போது கிழிந்த தாள், தோலுறை, அட்டைப்பெட்டி, துடைக்கும் கம்பி எதையும் எறியாதீர்கள். அசல் அட்டைப்பெட்டிக்கென்றே பணம் தருபவர்கள் இருக்கிறார்கள். கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இரண்டுக்கும் பழைய பதிவேடுகள் காப்பாற்றப்பட்டு வருகின்றன. கட்டணம் கட்டி எண்ணைக் கொடுத்தால், அது எந்தத் தேதியில், எந்த வியாபாரிக்கு, என்ன நீளக் குழலோடு, என்ன பூச்சோடு அனுப்பப்பட்டது என்று கடிதமாகத் தருவார்கள். பிற்பாடு நிக்கல் போட்டதா, குழலை வெட்டியதா என்ற சண்டைகளை அந்த ஒரு தாள் தீர்த்துவிடும். விலையுயர்ந்த ரிவால்வராகத் தோன்றினால் அந்தக் கட்டணத்துக்கு யோசிக்கவே வேண்டாம்.

சட்டமே விலையை ஏற்றி இறக்குவதும் உண்டு, பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டது பழம்பொருள். ஒரே மாடலில் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுவதும் அந்தப் பக்கம் விழுவதும் விற்பனையில் வேறு வேறு சரக்கு. வரிசை எண்ணைச் சரியாகப் படிப்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலேயே தெரியும். பிரிட்டனில் 2021-இல் வந்த விதி, 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்யப்பட்டு, வழக்கொழிந்த தோட்டாப் பட்டியலிலோ பழைய சுடும் முறைகளின் பட்டியலிலோ இருப்பதை மட்டும் பழம்பொருளாக ஏற்கிறது. அதே நேரத்தில் .320 பிரிட்டிஷ், .41 கோல்ட், .44 ரஷ்யன் உள்பட ஏழு தோட்டா வகைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதுவரை உரிமம் இல்லாமல் அலமாரியில் வைத்திருந்தவர்கள் உரிமம் வாங்கவோ, விற்கவோ, ஒப்படைக்கவோ வேண்டியதாயிற்று. ரிவால்வரில் ஒன்றும் மாறவில்லை, வாங்கக்கூடியவர்கள் குறைந்துபோனார்கள்.

பாதுகாப்பாக வைப்பது பற்றிக் கொஞ்சம். தோலுறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் இரும்பைத் தின்னும். உறையைப் பக்கத்தில் தனியாக வையுங்கள். வெறுங்கையால் தொட்டபின் மெல்லிய துணியில் ஒரு துளி துப்பாக்கி எண்ணெய் விட்டு ஒற்றி எடுங்கள், விரல் வியர்வையே துருவுக்குப் போதும். நிக்கல் முலாமில் அம்மோனியா கலந்த சுத்திகரிப்பான் வேண்டவே வேண்டாம். முலாமுக்கு அடியில் செம்புப் பூச்சு இருந்தால் அது அரித்து, மேலே உள்ள நிக்கல் தோல் உரிந்ததுபோல எழும். விசையை வெறுமனே இழுத்துச் 'சடக்' என்று கேட்டுப் பார்ப்பதும் வேண்டாம். விளிம்பில் அடித்தால் வெடிக்கும் தோட்டா வகையில் சுத்தியல் மூக்கு நேராகத் துளையின் விளிம்பில் அடித்துக் காயப்படுத்தும். பழைய வில்கள் வேறு கண்ணாடிபோல உடையும்.

கடைசியாக, விலை சொல்பவரைப் பற்றி. ஒரே ரிவால்வருக்கு மூன்று விலை இருக்கிறது. ஏலத்தில் போகும் விலை ஒன்று, அதிலிருந்து ஏலக் கம்பெனியின் கமிஷன் கழிந்துதான் உங்கள் கைக்கு வரும். வியாபாரி கொடுக்கும் விலை அதைவிடக் குறைவாக இருக்கும், அவர் லாபம் வைத்து மறுபடி விற்க வேண்டும், அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. காப்பீட்டுக்குப் போடும் விலை, தொலைந்தால் அதேபோல இன்னொன்று வாங்க ஆகும் செலவு, அதனால் பொதுவாக அதிகம். எது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிக் கேளுங்கள். சொத்துப் பங்கீட்டுக்கு என்றால் அதையும் சொல்லுங்கள். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். கேட்ட விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் பெரிய இடைவெளி உண்டு, ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிந்த விலைகளே நம்பத்தக்கவை. அதிலும் உங்களுடையதைப் போன்ற நிலையில் இருந்தது எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள்.

மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். தயாரிப்பாளர், மாடல், காலிபர், வரிசை எண், முத்திரைகள், பூச்சின் நிலை, மாற்றப்பட்ட பாகங்கள், எந்த விற்பனைகளோடு ஒப்பிட்டார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இருபக்கப் படமும், ஒவ்வொரு முத்திரையின் நெருக்கப் படமும், மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் சிலிண்டரின் படமும் உங்களிடம் ஒரு பிரதி இருக்கட்டும், நீங்கள் விற்காமல் வைத்துக்கொண்டாலும் சரி. மதிப்பிட வந்தவரே "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இன்னொருவரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். நேர்மையானவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.